கோல்பியின் கைக்கு என்ன மதிப்பெண்

மே 6

மழை. பேஸ்பால் மைதானத்தில் தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். மதியத்துக்கு அவித்த கடலையும் ஆறிப்போன காப்பியும். மைதானத்தின் கோடியில் நின்று பந்தைப் பிடித்து எறியும் வெளிக்களத்துக்குப் புதிதாக ஒரு பையனை அனுப்பியிருக்கிறார்கள். கோல்பி ஹேல். ராய்ஸ் ஹேலின் மகன். நாடு முழுக்க இத்தனை அணிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே இத்தனை சின்ன அணிகள். இவன் வந்து விழ என் தலைதானா கிடைத்தது?

நடைகூட அப்பனுடையதுதான். பார்த்ததும் வயிறு எரிந்தது.

மே 9

மனைவி லோரின் போனில் சொன்னாள்: "ராய்ஸ் பேரைச் சொல்லாம உனக்குச் சாப்பாடே இறங்காதா? இருபது வருஷமாச்சு வெண்டல்."

இருபத்திரண்டு.

மே 17

ராய்ஸ் வந்திருந்தான். மகன் ஆடுவதைப் பார்க்க. மட்டை பிடிப்பவன் நிற்கும் ஹோமுக்குப் பின்னால் உட்கார்ந்தவனைச் சுற்றி ஒரே கூட்டம், ஆளாளுக்குப் பேனாவும் பந்துமாக. என்னிடம் ஒருவர் வந்தார், கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்க.

"என்னடா வெண்டல், தொப்பை போட்டுட்ட! என் பையனைத் திட்டறியா இல்லையா? நல்லாத் திட்டு. வீட்ல அவங்கம்மா என்னைத் திட்ட விடமாட்டேங்கறா." கட்டிப்பிடித்துக்கொண்டான். எல்லாருக்கும் அவனைப் பிடிக்கிறது. எனக்கும் பிடித்துத் தொலைக்கிறது, அதுதான் எரிச்சல்.

இதே அலபாமா வெயிலில்தான் இருவரும் ஒரே அணியில் நின்றோம். பெரிய லீகில் யாருக்கோ கால் முறிந்து ஓர் இடம் காலியானது. அவன் போனான். ஒன்பது வருஷம் அங்கேயே இருந்தான். என் எறி அவனுடையதைவிட நல்லது, அவனே சொல்வான். ஆனால் எனக்கு அழைப்பே வரவில்லை. அவனுக்கு ஃப்ளோரிடாவில் படகு. எனக்கு இந்த வேலை: வெளிக்களத்துப் பையன்களில் யார் மேலே போகலாம், யார் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும் கோச்.

ஜூன் 3

ஆட்டத்துக்கு முன்னால் வலது மூலையிலிருந்து மூன்றாவது பேஸுக்கு எறியச் சொல்வேன். ஓடுகிறவன் அந்த பேஸை மிதிக்குமுன் பந்து போய்ச் சேர வேண்டும்; வெளிக்களத்திலேயே நீளமான எறி அது. மற்ற அணிகள் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டன. நான் விடவில்லை. கையை வேறு எப்படித் தெரிந்துகொள்வது?

எலியேசெர் ரிவாஸ் எறிந்தால் பந்து முழங்கால் உயரத்தில் நேராக வந்து கையுறைக்குள் விழுகிறது. பிடிப்பவன் அசைய வேண்டியதில்லை. வெனிசுவேலாக்காரன், அதிகம் பேசமாட்டான். மட்டைதான் சுமார்.

கோல்பியின் எறி மேலே போய், சோர்ந்து, இரண்டு முறை தரையில் குதித்து வருகிறது. கெட்டிக்காரன். வேகமாக ஓடி வந்து சட்டென்று விட்டுவிடுவதால் கையின் குறை பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் மட்டையைப் பிடித்தானென்றால் கண்ணை எடுக்க முடியாது.

எங்கள் மதிப்பெண் இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். ஐம்பது என்றால் பெரிய லீகில் சராசரி. எலியேசெரின் கைக்கு அறுபது என்று குறித்து வைத்தேன். கோல்பிக்கு நாற்பது. நாற்பது என்று எழுதும்போது நாக்கில் தித்தித்தது. சீ!

ஜூன் 24

சின்ன அணிகளுக்கெல்லாம் பொறுப்பாளர் ஃபெரெல். இன்று போன் செய்தார்.

"மேல் அணியில வலது மூலை காலி. எலியேசெரா கோல்பியான்னு உன் ரிப்போர்ட்டை வச்சுத்தான் முடிவு. எலியேசெருக்கு வயசு ஏறுது. இப்ப மேல போகலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

"நாளைக்கு அனுப்பறேன்."

"ராய்ஸ் மகனைப் பத்திப் பார்த்து எழுதுப்பா. உங்க பழைய கதை இங்க எல்லாருக்கும் தெரியும்." சிரித்தார்.

ஜூன் 25

நாற்பது. அடித்தேன். நாற்பத்தைந்து என்று மாற்றினேன். அடித்தேன்.

என் கண் பார்த்ததா, என் வயிற்றெரிச்சல் பார்த்ததா? அந்த எறி இரண்டு முறை குதித்தது, நான்தானே பார்த்தேன்? ஆனால் நாற்பது என்று போட்டால் ஃபெரெல் என்ன நினைப்பார்? பொறாமை பிடித்தவன், அப்பன் மேலிருந்ததை மகன் மேல் தீர்த்துக்கொண்டான் என்று ஊர் முழுக்கச் சிரிக்கும். ராய்ஸ் காதுக்கும் போகும். அவன் என்மேல் பரிதாபப்படுவான். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

ஐம்பத்தைந்து. அனுப்பிவிட்டேன்.

ஜூலை 8

கோல்பி மேலே போகிறான். எலியேசெரை விடுவித்துவிட்டார்கள்.

சாமானைக் கட்டிக்கொண்டிருந்தவன் கேட்டான்: "என் கைக்கு என்ன போட்டீங்க கோச்?"

"அறுபது."

"கோல்பிக்கு?"

நான் குனிந்து அவன் மட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"தினமும் அவன் பக்கத்துல நின்னு எறிஞ்சவன் நான். எனக்குத் தெரியாதா?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காலணியைப் பையில் திணித்துக்கொண்டே சொன்னான்.

ஜூலை 10

மகனை மேல் ஊருக்கு அழைத்துப்போக ராய்ஸ் வந்தான். என்னைத் தனியாக இழுத்துப்போனான்.

"ஃபெரெல் என்கிட்டயும் கேட்டாரு. என் பையன் கை வலது மூலைக்குப் பத்தாது, அந்த வெனிசுவேலாப் பையனை ஏத்துங்கன்னு சொன்னேன்."

"நீயா சொன்ன?"

"ஆமாடா. உள்ளதைத்தானே சொல்லணும்? அதுக்கு அவரு, வெண்டல் ஐம்பத்தஞ்சு போட்டிருக்கான்னாரு. சரி, அப்ப நான்தான் தப்பாப் பார்த்திருப்பேன்னு விட்டுட்டேன். கையைப் பார்க்கறதுல உன்னை மிஞ்ச ஆள் ஏது?" தோளில் தட்டிவிட்டுப் போனான்.

சொந்த மகனைப் பற்றி! அவனால் சொல்ல முடிந்திருக்கிறது. அவன் பேருக்கும் படகுக்கும் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பாவி, இதிலும் முந்திக்கொண்டானே!

ஜூலை 28

மேல் அணியின் ஆட்டம் போனில் ஓடியது. கோல்பியிடம் பந்து போகும்போதெல்லாம் எதிரணிக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூன்றாவது பேஸுக்கு ஓடினார்கள்.

ஜூலை 29

காலையில் ஃபெரெலுக்குப் போன் செய்தேன். "கோல்பி கை நாற்பதுதான். நான் கூட்டிப் போட்டுட்டேன். எலியேசெரைத் திரும்பக் கூப்பிடுங்க."

"நேத்து அவன் எறிஞ்சதைப் பார்த்து மனசு குளிர்ந்துபோய்ப் பேசறியா?"

"இல்ல, நிஜமாத்தான் சொல்றேன்—"

"ராய்ஸ் மேல இருக்கறதைப் பையன் மேல காட்டாத வெண்டல். உன் ரிப்போர்ட் என்கிட்ட இருக்கு. நல்ல மனசோட எழுதினது அது. அதைத்தான் நான் நம்புவேன்." வைத்துவிட்டார்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் நேற்று, அவர்கள் ஓடியதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கடைசி முறை வாய்விட்டுச் சிரித்தேன்.