பச்சை பூசிய பம்பு

அன்பு மருமகன் தைஃபூருக்கு,

சோனாகாந்தியின் முடிசூடா நவாப், வலையோடு இறங்கினால் பத்மா நதியே இரண்டடி ஒதுங்கி வழிவிடும் உன் மாமன் மொகலேஸ் எழுதுவது. ஸலாமும் துஆவும். இங்கே வாத்துகள் சுகம், பூசணியும் சுகம். நான் சுகமில்லை. மூன்று முறை உனக்குப் போன் போட்டேன். உன் குரல் கேட்டதும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் காகிதம்.

உன் மனைவி நூர்பானுவின் உள்ளங்கையில் மிளகு மிளகாகத் தடிப்பு, கழுத்தில் கறுப்புப் புள்ளிகள். ஈதுக்கு டாக்காவிலிருந்து வந்த என் சகோதரி, உன் அம்மா, அதைப் பார்த்துவிட்டு, "குட்டம்டி இது! அப்பன் வீட்டுலருந்தே கொண்டாந்திருக்கா. என் மகன்கிட்ட தலாக் சொல்லி அனுப்பிடச் சொல்றேன்" என்று என் முற்றத்தில் நின்றுதான் கத்தினாள். நானும் அங்கேதான் இருந்தேன். வாத்துக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தேன். பிசைந்து பிசைந்து அது அல்வாவாகியும் நான் வாய் திறக்கவில்லை.

மருமகனே, அது குட்டமில்லை. தண்ணீரில் கலந்திருக்கும் ஆர்சனிக் விஷம். அவள் அப்பன் வீட்டிலிருந்து வந்ததுமில்லை. என் அடிபம்பிலிருந்து வந்தது.

நீ வேலைக்கு மலேசியா ஜொகூருக்குப் போன மறு வருடம் தண்ணீர் சோதிக்க வந்தவர்கள் அதன் மூக்கில் சிவப்புப் பூசினார்கள். குடிக்காதே என்று அர்த்தம். அடுத்த மாதம் என் மகள் ஜொலேகாவைப் பெண் பார்க்க வந்தார்கள். சிவப்பு பம்பு வீட்டுப் பெண்ணை யார் எடுப்பார்கள்? ஒரு டப்பா பச்சை வாங்கி, தாஜ்மஹாலுக்கே வெள்ளையடிப்பவன் போல நானே பூசினேன். கல்யாணம் முடிந்தது. சம்பந்திக்குத் தெரிந்துவிடுமோ என்று பச்சையை அப்படியே விட்டேன். என் வீட்டுக்கு மட்டும் மசூதிக் கிணற்றிலிருந்து குடத்தில் கொண்டுவந்தேன்.

பிறகு நீ விடுமுறையில் வந்து கட்டி, அடுத்த வீட்டில் விட்டுப்போன உன் புதுப்பெண் பச்சையைப் பார்த்தாள், என் பம்பில் குடித்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த நாளைக்கு மூன்று வருடம் ஆயிற்று.

போன வாரம் சுகாதார வேலைக்கு வரும் ரேபா பம்பை நகத்தால் சுரண்டினாள். உள்ளே சிவப்பு. "சாச்சா, உங்க பம்பு என்ன பச்சோந்தியா?" என்றாள். அவளை நூர்பானுவிடம் அழைத்துப்போனேன். நூர்பானு தனியாள்தானே என்று சோறும் மிளகாயுமாகவே காலம் தள்ளியிருக்கிறாள். ரேபா மாத்திரை கொடுத்தாள். "கீரை, கொய்யா, முட்டை, பருப்பு ஒழுங்காச் சாப்பிட்டா உடம்பு இந்த விஷத்தை எதிர்த்துக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம், சாச்சா. ஆனா தண்ணிய மாத்தாம கொய்யாவத் தின்னா, ஓட்டைப் படகுல உக்காந்து தண்ணி எறைக்கிற கதைதான்" என்றாள்.

இப்போது இரண்டு வீட்டுக்கும் மசூதித் தண்ணீர் நான்தான் சுமக்கிறேன். இந்த வயதில் கொய்யா மரமும் ஏறுகிறேன். குரங்குகள் ராஜினாமா செய்துவிட்டன. நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அவருக்குச் சொல்லிட்டீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

பம்புக்கு மறுபடி சிவப்புப் பூசிவிட்டேன். உன் அம்மாவிடமும் ஜொலேகாவின் மாமனாரிடமும் நானே போய்ச் சொல்கிறேன்.

நீ என்னோடு பேசவே வேண்டாம். அந்தத் தலாக் சொல் உன் வாயில் வரவே வேண்டாம். அவளுக்குப் போன் செய். கை எப்படி இருக்கிறது என்று கேள். கொய்யா சாப்பிட்டாளா என்று கேள். அல்லாஹ் உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைக்கட்டும்.

உன் பெயரைச் சொல்லவும் கூசும்,
மொகலேஸ் மாமா