சாமான் அறையில் நூறு டிகிரி

ஜனவரி 6, திங்கள்

அரவேணு முழுக்க ஸ்வெட்டரும் குல்லாவுமாக நடுங்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஊரில் சூடு தாங்காமல் மயங்கி விழுவது என் கம்ப்யூட்டர் ஒன்றுதான். இன்று மீட்டிங் நடுவிலேயே அணைந்தது. பீளமேட்டுக்காரர் ஒருவருக்கு அவருடைய மாடுலர் கிச்சனைத் திரையில் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். சிம்னி வரைக்கும் வந்தேன். அப்புறம் ஒரே இருட்டு.

மானேஜர் சிவகுரு கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "இந்த மாசம் பார்ப்போம் சுவாதி. சரியாகலைன்னா நீங்க கோயம்புத்தூர் ஆபீசுக்கே வந்துருங்க. லேடீஸ் ஹாஸ்டல் பக்கத்துலயே இருக்கு" என்றார், ரொம்பப் பொறுமையாக.

முப்பத்தாறு வயதில் எனக்கு ஹாஸ்டலா? வீட்டுக்காரரை இங்கே டீ ஃபாக்டரி வேலையில் விட்டுவிட்டு, வாரக் கடைசியில் பஸ் ஏறி வந்து போகவா? மாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 7, செவ்வாய்

ஃபேன் சத்தம் மீட்டிங்கில் கேட்கிறது என்று CPU பெட்டியைப் போன வருஷத்துக்கு முந்தின வருஷமே சுவருக்கு அந்தப் பக்கம், சாமான் அறையில் வைத்துவிட்டேன். பலகைச் சுவரில் ஓட்டை போட்டு ஒயர் மட்டும் இந்தப் பக்கம் வருகிறது. ராத்திரி முழுக்க அணைக்கவும் முடியாது. நான் வரைந்த கிச்சனை நிஜம் மாதிரி படமாக்க அதற்கு விடிய விடிய வேலை இருக்கும். படத்தில் விளக்கு கூடக்கூட வேலையும் கூடும். அதனால் சூடாகிறதோ?

வீட்டுக்காரருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. இட்லி இன்றும் பூ மாதிரி வந்ததாம். இந்தக் குளிரில் யார் வீட்டிலும் மாவு பொங்காது, அரைத்தது அரைத்தபடியே கிடக்கும். எங்கள் வீட்டில் மட்டும் மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். எல்லாம் கைராசி என்று அவர் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார். பக்கத்து வீட்டு ஈவ்லின் டீச்சர் தன் மாவுச் சட்டியைக் கொண்டுவந்து, "ஒரு தடவை கைய வெச்சுக் கலக்கிக் குடுங்க சார்" என்று நிற்கிறார். இவர் ஏதோ ஆசீர்வாதம் செய்கிற மாதிரி கலக்குகிறார். கீர்த்திவாசன் என்று பெயர் வைத்தது தப்பில்லை.

டீச்சருக்கு மாவு பொங்கவில்லை என்பது வேறு விஷயம். அவர் வீட்டு அரிசி சரியில்லையாம்.

ஜனவரி 9, வியாழன்

இன்று முழுக்க அணையவில்லை. எழுதவே கூடாது, கண் பட்டுவிடும்.

அணைந்துவிட்டது. 4.10.

ஜனவரி 11, சனி

கோத்தகிரியில் அஜய் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற தம்பி. கேட்டதுமே சொல்லிவிட்டான். உள்ளே பிராசசருக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேனுக்கும் நடுவில் ஒரு பசை உண்டாம், தெர்மல் பேஸ்ட். சூட்டை வாங்கி மேலே கொடுப்பது அதுதான். வருஷக் கணக்கில் காய்ந்து போயிருக்கும் என்றான். அவனுக்கு வர நேரமில்லை. ஊசி மாதிரி ஒரு குழாயைக் கையில் கொடுத்து, "பட்டாணி அளவு போதுங்க அக்கா. ஆசைப்பட்டு நிறைய வெச்சுறாதீங்க" என்றான்.

கிச்சன் வரைகிறவளுக்குப் பட்டாணி தெரியாதா?

ஜனவரி 12, ஞாயிறு

திறந்தேன்.

பெட்டியின் மேல்மூடியில், காற்று போகிற ஓட்டைகளிலெல்லாம் வெள்ளையாகப் பொருக்கு. ஃபேன் இறக்கைகளிலும் அதுவே, தூசியோடு சேர்ந்து அப்பிக் கிடந்தது. பேஸ்ட் இவ்வளவு தூரம் பொங்கி வழிந்திருக்கிறதே என்று பதறிப்போனேன். மோந்து பார்த்தால் புளித்த வாடை. கெமிக்கல் கெட்டால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். போட்டோ எடுத்து அஜய்க்கு அனுப்பினேன்.

உடனே போன் செய்தான். பேஸ்ட் வெளியே ஒழுகாது, அவன் சர்வீசில் இப்படிப் பார்த்ததே இல்லை, கொஞ்சம் சுரண்டி எடுத்து வையுங்கள், கம்பெனிக்காரர்களிடம் கேட்கிறேன் என்றான். பெட்டிக்கு மேலே ஏதாவது வைப்பீர்களா என்றும் கேட்டான். நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்றார். மழை வரவில்லை.

பொருக்கை டாக்டர் மாதிரி சுரண்டிக் காகிதத்தில் மடித்து வைத்தேன். பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். புதுசு குளிரில் இறுகி வரவே மாட்டேன் என்றது. அக்குளில் பத்து நிமிஷம் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் பட்டாணி.

ஜனவரி 13, திங்கள்

61 டிகிரி. போன வாரம் இதே வேலைக்கு 98. நூறு தொட்டால்தான் அணையும்.

மீட்டிங்கில் சிம்னியைத் தாண்டி, பாத்திரம் கழுவும் தொட்டி வரைக்கும் போய்ப் பத்திரமாகத் திரும்பினேன். சிவகுரு நல்லாருக்கு என்றார். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது, எனக்கே வெட்கமாக இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை பொங்கியது, இட்லி மாவு பொங்கவில்லை. இவர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

ஜனவரி 16, வியாழன்

மறுபடியும் மாவு படுத்துவிட்டது. இட்லி கேரம் காய் மாதிரி தட்டையாக இருக்கிறது. உளுந்து சரியில்லை என்றார், உப்பு சரியில்லை என்றார். ஈவ்லின் டீச்சர் இவருக்காக ஜெபம் செய்கிறாராம். சாயங்காலம் இவர் சுற்றி வளைத்து, "கம்ப்யூட்டரு இப்பெல்லாம் சூடே ஆகறதில்லியா அம்மிணி?" என்று கேட்டார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் முதல் தடவையாக என் வேலையைப் பற்றி விசாரிக்கிறார். மனசு நெகிழ்ந்துபோனது.

ஜனவரி 18, சனி

நெகிழ்ந்தேனாம்! என்னைச் சொல்லணும்.

இவர் ஷிஃப்ட்டுக்குப் போனபின் சாமான் அறைக்குப் பெருங்காயம் எடுக்கப் போனேன். CPU மேல என்னோட பழுப்பு ஸ்வெட்டரு. இங்க எதுக்கு இதுன்னு தூக்குனா உள்ள மாவுச் சட்டி. வழக்கமா விடியறதுக்குள்ள எடுத்துருவாரு போல, இன்னிக்கு இன்னுங் கொஞ்ச நேரம் இருந்தாப் பொங்குமான்னு விட்டுட்டுப் போயிருக்காரு. ரெண்டு வருசமா இதுதான் கைராசி! நான் டாக்டர் மாதிரி சுரண்டுனது இட்லி மாவு. அத அந்தப் பையன் கம்பெனிக்கு வேற அனுப்பறேன்னு வாங்கி வெச்சுட்டான்.

சாயங்காலம் வந்ததும் சட்டியை நடுக்கூடத்தில் வைத்தேன். "சூடு சும்மாதான போகுதுன்னு வெச்சனுங்க" என்றார். நான் கோபத்தில் இருக்கும்போது மட்டும் எனக்கு 'ங்க' கிடைக்கும்.

இதனால் நான் ஹாஸ்டலுக்குப் போக இருந்தேனே, தெரியுமா என்றேன். அதைக் கேட்டதும் முகம் செத்துவிட்டது. சிவகுரு சொன்னதை நான் இவரிடம் சொல்லவே இல்லை. சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "நீ போயிட்டா இட்லிய நான் ஆருக்கு ஊத்தறது?" என்றார்.

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

ஜனவரி 20, திங்கள்

அஜயிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு நிமிஷம் சிரித்தான். ஷார்ட் ஆகி எரியாமல் இருந்ததே பெரிசு என்றான். பிறகு, "சூடு எங்கயும் போயிருலீங்க அக்கா. முன்ன உள்ளயே கெடந்துச்சு, இப்ப ஒழுங்காப் பின்னாடி வழியா வெளிய போகுது" என்றான்.

இவரிடம் அப்படியே சொன்னேன். உடனே அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஃபாக்டரியில் கிடந்த பழைய டீப்பெட்டிப் பலகையில் இவர் ஒரு மாடம் செய்திருக்கிறார். CPU-வுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி, காற்று வந்து படுகிற இடத்தில். வழிந்தால் தரையில்தான் வழியும். போன வாரம் மூன்று தடவையும் மாவு பொங்கியது. சிவகுருவும் இன்னும் ஒரு வருஷம் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று மெயில் அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் ஈவ்லின் டீச்சர் சட்டியோடு வந்தார். இவர் என்னைப் பார்த்தார். நான், "அவரு கை அப்படிங்க டீச்சர். சட்டி ராத்திரி இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

இப்போது மாடத்தில் இரண்டு சட்டி. ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் வேலை எதுவும் இல்லை. அதனால் யாரும் கேட்காத ஒரு கிச்சனை வரைந்து விடியும்வரை ஓடவிட்டிருக்கிறேன். எங்களுடையதுதான். சாமான் அறை, மாடம், ஸ்வெட்டர் எல்லாம் அதில் உண்டு.

படுக்கும் முன் பார்த்தேன். 66 டிகிரி. இரண்டு சட்டிக்கு இது போதாது. வரைந்த கிச்சனில் இன்னும் நான்கு விளக்கு சேர்த்தேன்.