செந்திக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது

செந்தியைப் பெற்ற மகராசிக்கு,

உன் பேர் எனக்குத் தெரியாது. உன் மகளைக் கேட்டால், "அம்மைக்குப் பேரு அம்மைதான்" என்கிறாள். அதனால் இப்படித்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. நீ போய் ஒரு மழைக்காலம் முழுசாகக் கழிந்துவிட்டது. ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்து, உன்னைப் புதைத்த கரையில் இப்போது புல் நிற்கிறது. இவ்வளவு பிந்தி எழுதுகிறாளே என்று நினைக்காதே. கையில் ஒரு நல்ல சேதி இல்லாமல் உன்னிடம் என்னத்தைச் சொல்ல?

இப்போது இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்குத்தான் அனுப்பப் போகிறேன். மேற்கே மலையடியில் உன் ஊர்க்காரர் யார் கண்ணிலாவது படட்டும் என்று ஓர் ஆசை. பட்டுவிடக் கூடாதே என்று ஒரு பயம். இரண்டையும் உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

வண்ணார்பேட்டைச் சத்திரத்துக்குப் பின்னால்தான் எங்கள் வீடு என்பது உனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் நீ எங்கள் பின்வாசலில் வந்து நின்றாய். "கொஞ்சம் வெந்நி கிடைக்குமா தங்கச்சி? வயிறு சரியில்ல" என்றாய். உன் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு செந்தி நின்றாள். இடுப்பு வரைக்கும் முடி, ஒரே சிக்கு. நான் அதையே பார்ப்பதைக் கண்டு நீ சிரித்தாய். "பொறந்ததுலேருந்து கத்தி படல. திருச்செந்தூருக்கு நேந்தது. அங்கன போயித்தான் எடுக்கணும்." ஓமம் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாய். நமக்குள் பழக்கம் அவ்வளவுதான்.

மறுநாள் சத்திரத்தில் வாந்திபேதி என்றார்கள். நான் ஓடி வந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள்.

சத்திரத்தில் உன்னைப்போல் இன்னும் சிலரும் போய்விட்டார்கள்; அவர்களில் ஊர் தெரிந்தவர்களின் பிள்ளைகளை உறவுக்காரர்கள் வந்து கூட்டிப்போனார்கள். உன் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் ஊருக்கு மேற்கே மலை இருந்ததும், அப்பா கண்டிச் சீமைக்குப் போனதும் மட்டும். தண்டோரா போட்டார்கள், கிராம முன்சீபுகளுக்கு எழுதினார்கள், யாரும் வரவில்லை. மனசுள்ள வீட்டில் பிள்ளையை வைத்துப் பார்க்கலாம் என்று தாசில்தார் சொன்னார். நான் கை நீட்டினேன். என் மகன் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். ஒன்றோடு ஒன்று என்று நினைத்தேன். எனக்கென்ன தெரியும்?

தாசில்தார் ஒரு நிபந்தனையும் போட்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அவளுக்கு ஓர் இடம் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையை மிஷன் அநாதை விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனால் முடியைக் கத்தரித்து, புதுப்பேர் வைத்துவிடுவார்கள். உன் செந்தி அங்கே ஒரு மேரியாகவோ மார்த்தாளாகவோ ஆகிவிடுவாள். அந்தப் பேர்கள் எனக்கு அந்நியமில்லை. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. ஆனால் நீ கூப்பிட்ட பேர் அதுவல்லவே.

முதலில் டவுனில் ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். "பிள்ள என்ன ஆளுக?" என்று சாதியைக் கேட்டார்கள். தெரியாது என்றேன். "தெரியாத பிள்ளைய எந்த வரிசையில உக்கார வைக்கது? நீங்களே சொல்லுங்க." வெயிலில் திரும்பி வந்தேன். ஒக்கலில் மகன், கையில் செந்தி.

அப்புறம் பாளையங்கோட்டையில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடம். அங்கே படித்துத்தான் காலேஜ் வரை போனேன். பெரிய டீச்சருக்கு என்மேல் பிரியம் உண்டு. ஆனால் அவர்களுக்கு அதைவிடச் சட்டம் பெரிது. "உறவுக்காரர் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்குத்தான் பகல் வகுப்பு. உறவில்லாத பிள்ளைக்கு விடுதி. உனக்குத் தெரியாததா, பாக்கியம்?" என்றார்கள். பிறகு செந்தியின் தலையைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்கள். "முதலில் இதைக் கத்தரித்துக்கொண்டு வா. இத்தனை பேனோடு வகுப்பில் ஏற்ற மாட்டேன். மற்றதைப் பிறகு பேசலாம்."

வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்தேன். செந்தி இரண்டு கையாலும் முடியைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். "அம்மை திருச்செந்தூர்ல நிக்கா. முடியில்லாம போனா ஏசுவா."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று அவள் அழுகையை நிறுத்த சத்திரத்துக் கணக்கப்பிள்ளை, "உங்க அம்மை முன்னால திருச்செந்தூர் போயிட்டா, பொறவு நீ போவலாம்" என்று சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அத்தனை மாதம் அவளுக்கு நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. கேட்காமல் இருக்கிறாள், மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் மறக்கவில்லை, காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அம்பாசமுத்திரத்தில் வேலை. சனிக்கிழமை ரயிலில் வருவார்கள். செந்தியைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போகப் போகிறேன் என்றதும் எழுந்து போய் முன்வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். பிறகு, "செய்யாதேன்னு சொல்லல. எங்கிட்ட கேட்டேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத" என்றார்கள். சிரிக்கவா அழவா? இதோ, பத்திரிகைக்கே எழுதிவிட்டேன்.

கூண்டு வண்டி பிடித்தேன். வண்டிக்கார அண்ணாச்சிக்கு வழியெல்லாம் இதே விசாரணை. "நீங்க வேதக்காரம்மால்லா? முருகங்கிட்ட ஒங்களுக்கு என்ன சோலி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. இவளுக்குத்தான் சோலி."

"அப்ப வண்டிக்கூலி இவகிட்டதான் கேக்கணுமோ?"

செந்தி அன்றுதான் என் வீட்டுக்கு வந்தபின் முதல் தடவையாகச் சத்தமாய்ச் சிரித்தாள். விடியும்போது கடல் இரைச்சல் கேட்டது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டியை விட்டு இறங்கி, எதிரே வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தாள். எத்தனை முகம் தெரியுமா அந்தக் கரையில்?

முடி எடுக்கிறவர் முன்னால் உட்கார மாட்டேன் என்றாள். "அம்மை வரட்டும்."

நான் மணலில் உட்கார்ந்து அவளை இழுத்து வைத்துக்கொண்டேன். "அம்மை வரமாட்டா செந்தி. அம்மை சத்திரத்துலேயே செத்துப்போயிட்டா. நான் பாத்தேன்" என்றேன். என்னிடம் அழகான வார்த்தை ஒன்றும் இல்லை, அம்மா. படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப முடி?"

"அத நாம குடுத்திருவோம். அம்மைக்கு அதுதானே ஆசை."

"தாய்மாமன் எங்கம்மா? மாமன் மடியிலல்லா உக்கார வைக்கணும்" என்றார் முடி எடுக்கிறவர். மாமன் இல்லை என்றேன். என் மடியைக் காட்டினேன். "பொம்பள மடியிலயா?" என்று அவர் இழுத்தார். என் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற வண்டிக்கார அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "மடியில என்னவே ஆம்பள மடி, பொம்பள மடி? பிள்ள உக்காந்தாச்சு, கத்திய எடும்வே!"

முடி என் மடியில் விழுந்தது. அவள் பிறந்த நாள் முதல் நீ காத்த முடி. எவ்வளவு கனம்! செந்தி அழவில்லை. என் சேலையைப் பிடித்திருந்த கை மட்டும் கடைசி வரைக்கும் விடவில்லை. கடலில் முக்கி எடுத்துச் சந்தனம் பூசினோம். அண்ணாச்சிதான் அவளைக் கோயிலுக்குள் கூட்டிப் போனார். நான் என் மகனோடு வெளியே நின்றேன். அன்றைக்கு நான் எந்தப் பக்கத்து ஆள்? உள்ளேயும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் போய் உட்கார்ந்தபோது சேதி எனக்கு முன்னாலேயே அங்கே வந்திருந்தது, என் பக்கத்துப் பாய் காலியாகவே இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

திருச்செந்தூரிலிருந்து திரும்பி வந்த மறுநாளே பெரிய டீச்சர் முன்னால் போய் நின்றோம்.

"கத்தரிக்கத்தானே சொன்னேன்? வழித்துக்கொண்டு வரச் சொல்லவில்லையே."

"பேன் ஒன்றுகூட இல்லை டீச்சர்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சந்தனத்தைப் பார்த்தார்கள், எந்தக் கோயில் சந்தனம் என்று கேட்கவில்லை. "தலை சரி. உறவு?" என்றார்கள். நான் வாயைத் திறக்குமுன் செந்தியிடம் குனிந்தார்கள். "இவுக உனக்கு யாரு?"

"சித்தி."

வீட்டில் அவள் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் வந்து நிற்பாள், அவ்வளவுதான்.

"எப்படிச் சித்தி?"

"எங்க அம்மை இவுகள தங்கச்சின்னுதான் கூப்பிட்டா. நான் பக்கத்துலதான நின்னேன்."

டீச்சர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தார்கள். "நான் பொய் எழுத மாட்டேன், பாக்கியம். இது பொய்யா?"

"இல்லை டீச்சர்."

"அப்படியானால் சரி. பேர் செந்திதானே? இருக்கட்டும். திங்கட்கிழமை சிலேட்டு கொண்டு வரச் சொல்."

இப்போது காலையில் அவள் போய்விடுகிறாள். மகன் தூங்கிவிட்டால் வீட்டில் சத்தமே இல்லை. பின்வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சத்திரத்துப் பக்கம் யார் நடந்தாலும் உன் ஊர்க்காரரோ, கண்டியிலிருந்து அவள் அப்பாவோ என்று எழுந்து எட்டிப் பார்க்கிறேன். வகுப்பில் "மொட்டை" என்று கூப்பிடுகிறார்களாம். "எங்க அம்மை நேந்தது" என்று இவள் பதில் சொல்கிறாளாம். உனக்குக் கேட்கிறதா?

அவர்கள் வந்தால் ஒளித்து வைக்க மாட்டேன். சிலேட்டையும் புத்தகத்தையும் அவள் கையில் கொடுத்து, அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் நானே வந்து இடம் கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன். வராவிட்டால், முடி வளரட்டும், நான் பின்னிவிடுகிறேன். எப்படியானாலும் உன்னைப் பற்றி இனிமேல் அவளிடம் யாரும் பொய் சொல்ல விடமாட்டேன்.

அன்று நீ தங்கச்சி என்றாய். நான் "இருங்கம்மா, கொண்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன், அக்கா.

உன் தங்கச்சி,
செந்தியின் சித்தி,
பாக்கியம்