என் பெயரில் வந்த பீப்பாய்கள்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் நினைப்பு. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் டாக்டர் பேசினார். மாமாவின் பட்டறையில் இயந்திர பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுகிறாரே, நீ சிரிப்பு அண்ணன் என்பாயே, அவர் தொட்டிக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாராம். அந்தக் கழுவும் திரவத்தில் என்ன இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். என்னை எதற்கம்மா கேட்கிறீர்கள் என்றேன். "பீப்பாயில இறக்குமதியாளர்னு உங்க பேரும் போன் நம்பரும்தாம்மா இருக்கு. உங்களுக்கே தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்?" என்றார். நான் வெளியிலிருந்து கொண்டுவருவது காய்கறிப் பை ஒன்றுதான். உடனே மாமாவைப் பிடித்து டாக்டரிடம் பேசவைத்தேன். சிரிப்பு அண்ணன் பிழைத்துக்கொண்டார், ஆனால் பேச்சு குழறுகிறது, கை நடுங்குகிறது, மனைவிதான் ஊட்டிவிடுகிறாள்.

சாயங்காலம் மாமா வந்தான். ஒரே ஆள் அந்தத் திரவத்தை வெளிநாட்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் வரவழைத்தால் அதைப் பதிவு செய்ய வேண்டுமாம், சோதித்துக் காட்ட வேண்டுமாம், தொடுகிறவர்களுக்கு ஆபத்தை எடுத்துச் சொல்ல வேண்டுமாம், அதனால் சரக்கை என் பெயரில் கொஞ்சம், அத்தை பெயரில் கொஞ்சம் என்று சொத்துப் பிரிக்கிற மாதிரி பிரித்திருக்கிறான். சும்மா பேருக்குத்தான் அக்கா என்று அன்று அவன் காகிதங்களை நீட்டியபோது நானும் கண்ணாடியைக்கூடத் தேடாமல் கையெழுத்துப் போட்டேன், தம்பிதானே. விசாரிக்க வந்தால், கையுறை கொடுத்தோம், அவர்தான் போடவில்லை என்று சொல்லச் சொன்னான். கொடுத்தாயா என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு, "என்னை மட்டும் ஏன் முறைக்கிற? இந்த வழியைச் சொன்னதே உன் பொண்ணுதான்" என்றான்.

 இரசாயனப் பாதுகாப்பு விதிகளைக் கம்பெனிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என் மகள் என்று தெரு முழுக்கப் பீற்றியவள் நான். தம்பி செய்ததைக்கூடத் தாங்கிக்கொள்வேன், அவனுக்கு அது வெறும் சரக்கு. அது மூச்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும், தெரிந்தே அவனுக்கு இந்த ஓட்டையைக் காட்டிக் கொடுத்திருக்கிறாய், அதில் நுழைய என் பெயர்தானா கிடைத்தது?

நேற்று அதிகாரி வந்தார். கையெழுத்து என்னுடையது, சரக்கு தம்பியுடையது, யோசனை என் மகளுடையது என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். உன் பெயர் அவர் காதில் சரியாக விழவில்லை, நான் ஆசைப்பட்டு வைத்த பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும், அதில் எந்த மாற்றமும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. அவர்கள் கூப்பிடுவார்கள், எடுத்துப் பேசு. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி என்னைக் காப்பாற்ற மட்டும் பார்க்காதே.

என்றும் உன்
அம்மா