பெரியம்மாவாக நடித்தவளுக்கு

காய்ந்த மண் பொம்மைமேல் ஈர ஸ்பாஞ்சு படும்போது ஒரு வாசனை வருமே, இன்று காலை அது கொஞ்சம் தூக்கலாகவே வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நீ இருக்கிறாய் என்ற நினைப்பில், "ஏய், நேத்து என்னா நடந்துச்சி தெரியுமா?" என்று வாயைத் திறந்துவிட்டேன். உன் இடத்தில் இப்போது வேலை செய்கிறவள் திருதிருவென்று விழித்தாள். அவளிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று கம்மாபுரத்தில் என் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. பெரியம்மாவும் வந்திருந்தார்கள். நான் சண்டை போடவில்லை.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். திட்டக்குடியில் கட்டிக்கொடுத்த புருஷன் வேண்டாம் என்று விருத்தாசலம் வந்து, இந்த செராமிக் கம்பெனியில் சேர்ந்தவள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் இரண்டு பக்கமும் ஒரு கோடு நிற்கும், அதைச் சீவித் துடைப்பதுதான் நம் வேலை. பெரியம்மாவுக்கு என்னைப் பேச வேறென்ன வேண்டும்? எந்த விசேஷத்துக்குப் போனாலும் நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குழைவாகத்தான் ஆரம்பிப்பார்கள். எனக்குச் சுர்ரென்று மண்டைக்கு ஏறும். ஒரு காதுகுத்தில் இலையில் போட்ட சோற்றை விட்டுவிட்டு எழுந்து வந்தேன். அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நான் கத்திய கத்தலில் ஐயரே மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

அன்று அண்ணன் என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். "இன்னொரு வாட்டி இப்புடி ஆச்சின்னா நான் உன்ன கூப்புட மாட்டேம்மா. அம்மா போனப்புறம் நம்மள வளத்தவங்க அவங்க. அவங்கள நான் என்னா சொல்ல முடியும்?" என்றார். பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான். அதுவும் போய்விடும் போலிருந்தது.

மறுநாள் டீ நேரத்தில் இதைச் சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். நீ ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வெற்றிலை அடக்கியவள் மாதிரி வாயைக் கோணிக்கொண்டு, "என்னாடியம்மா, தனியா ஆக்கித் தின்னுதான் இப்புடி ஊதிட்டியா?" என்றாய். பெரியம்மாவை நீ பார்த்ததுகூட இல்லை. நான் சொல்லிச் சொல்லியே உனக்கு அந்த இழுவை அப்படியே வந்துவிட்டது. எனக்கோ உன்மேல் வந்ததே கோபம்! கையிலிருந்த ஸ்பாஞ்சை உன் மூஞ்சியில் வீசினேன்.

"பாத்தியா, எங்கிட்டயே இந்தக் கோவம் வருது. மறுக்கா சொல்றேன், உக்காரு" என்றாய்.

அதன் பிறகு எனக்கு எந்தப் பத்திரிகை வந்தாலும் நமக்கு ஒத்திகைதான். பொம்மையைச் சீவிக்கொண்டே, பெரியம்மா பேசக்கூடியதையெல்லாம் நீ பேசுவாய். புடவை, நிறம், சம்பளம், சமையல், புருஷன். எதை முதலில் எடுப்பார்கள் என்று பந்தயம் வேறு. தோற்றவள் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். ஒருநாள் விளையாட்டோடு விளையாட்டாக "வாழாவெட்டி" என்றாய். என் கை அப்படியே நின்றுவிட்டது. நீ முந்தானையை இறக்கிவிட்டு, உன் சொந்தக் குரலுக்கு வந்தாய்.

"எங்க வலிக்கும்னு அவங்களுக்குத் தெரியாதுடி. ஒவ்வொரு எடமா அழுத்திப் பாக்கறாங்க. ஒன் மூஞ்சிதான் காட்டிக் குடுக்குது."

"வலிச்சா மூஞ்சி மாறத்தான செய்யும்?"

"மாறட்டும். அதுக்குன்னு பொழுதுக்கும் அங்கயே நிக்காத. போயி பந்தியில தண்ணி ஊத்து."

அடுத்து வந்த நிச்சயதார்த்தத்தில் பெரியம்மா என்னைப் பார்த்ததும், "என்னாடியம்மா, தனியா ஆக்கித் தின்னு..." என்று ஆரம்பித்தார்களே பார்க்கணும்! நீ சொன்னது ஒரு எழுத்து மாறவில்லை. குபீரென்று சிரித்துவிட்டேன். "ஏன்டி சிரிக்கிற?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் இல்ல பெரியம்மா, பொறையேறிடுச்சி" என்றேன். தள்ளி நின்ற அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அந்த வாரம் பஜ்ஜி உனக்குத்தான்.

எல்லா நாளும் அப்படிச் சிரித்துவிட முடிந்ததில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுத நாளும் உண்டு. "இந்த வாட்டி ஒனக்குத் தெம்பு இல்ல, போவாத, வூட்ல படு" என்று நீயே தடுத்த நாளும் உண்டு. ஆனால் போன இடத்தில் பாதியில் எழுந்து வந்தது மட்டும் அப்புறம் கிடையாது.

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து நீ போய்விட்டாய். சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஆளாடி நீ? உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நீ போன பிறகு பெரியம்மாவை நான் பார்ப்பது நேற்றுதான் முதல் தடவை. ஒத்திகை பார்க்க ஆள் இல்லை. பயந்துகொண்டேதான் போனேன். அண்ணன் மகளை அலங்காரம் செய்து உட்காரவைத்திருந்தார்கள். அவள் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டு வளையலைக் கையில் எடுத்தேன். பின்னாலிருந்து பெரியம்மா சொன்னார்கள்: "வாழாவெட்டி கையால புள்ளத்தாச்சிக்கு வளையலாடி? தள்ளி நில்லு."

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலித்தது. வலிக்கவில்லை என்றால் அது பொய். ஆனால் வலிப்பதற்கு முன்னால், நீதான் பேசுகிறாய் என்று நினைத்து நான் திரும்பிவிட்டேன். அதே இழுவை, அதே "டி". இனி இந்தக் குரலை எங்கே கேட்கப்போகிறேன் என்று இருந்தவள் நான். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, இரண்டும் ஒன்றாக வந்தன. அண்ணன் மகள் கையை நீட்டி, "நீங்க போடுங்க அத்தை" என்றாள். இரண்டு கையிலும் நிறையப் போட்டுவிட்டேன். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பந்தியில் பெரியம்மாவுக்குப் பக்கத்து இலை மட்டும் காலியாகக் கிடந்தது. யாருக்கும் அங்கே உட்காரத் துணிவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். புடவையில் ஆரம்பித்தார்கள், நிறத்துக்குப் போனார்கள், சம்பளத்துக்கு வந்தார்கள். நான் புளிச்சோற்றைப் பிசைந்தபடி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் தீர்ந்து அவர்கள் பேச்சை நிறுத்தியபோது, எனக்குப் போதவில்லை.

"இன்னும் கொஞ்சம் பேசுங்க பெரியம்மா" என்றேன்.