யானைக் கொட்டிலுக்குத் தெரு மாறியது குறித்த ஓலை

ஏழு ஆற்றுத் துறைகளையும் காத்து நிற்கும் செங்கரை நாட்டு வேந்தர் இளங்கீரனார், வடகாட்டில் களிறு பழக்கும் படைத்தலைவர் மாறோகனாருக்கு விடுக்கும் ஓலை. அங்கே மழை தவறாது பெய்க. களிறுகள் மதம் அடங்கி நிற்க. பாகர் நலமே வாழ்க.

தாங்கள் கொணரும் நாற்பது களிறுகளுக்குக் கொட்டில் அமைக்க, தலைநகரில் குடிகள் மிகக் குறைந்த தெருவை ஒழித்துத் தருவதாகச் சென்ற திங்கள் எழுதியிருந்தோம். குடிக்கணக்கர் நக்கண்ணனார், முன்னோர் வழக்கப்படி விடியலில் கோட்டைமேல் ஏறித் தெருதோறும் எழும் அடுப்புப்புகையை எண்ணினார். சாயத்தெருவில் ஆறே புகை. ஆகவே அத்தெருதான் என்று முடிவாயிற்று.

செய்தி சொல்லச் சென்ற நக்கண்ணனார், ஆறு குடும்பம்தானே என்று ஆறு வெற்றிலைக் கட்டுடன் போனார். தெருவோ தேர்த்திருவிழாப்போல் நிறைந்து நின்றது. சாயக்காரி பொன்னாத்தி முன்வந்து சொன்னதை, அவள் சொன்னபடியே இங்கே பொறிக்கச் செய்தோம்: “பொகைய எண்ணுனீங்களே ஐயா, வாய எண்ணுனீங்களா? ஈரத்துணியில கரி விழுந்தா அம்புட்டும் வீணு. அதான் வரிசைக்கு ஒரே அடுப்பு. எம் மாமியா மூஞ்சிய தெனமும் பாக்க எனக்கு மட்டும் ஆசையா?”

பிழையை மறைத்தால் நக்கண்ணனார் பதவி நிற்கும்; தெரு நிற்காது. அவர் கதவு கதவாகத் தட்டி எண்ணினார். சாயத்தெருவில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். நகரம் முழுதும் தட்டி முடிக்கப் பதினெட்டு நாள் ஆயிற்று. குறைந்த தெரு எதுவென்று ஏட்டை நம்முன் விரித்துப் படித்தார்.

அரண்மனைத் தெரு. புகை எண்பத்திரண்டு; குடியிருப்போர் நம்மையும் சேர்த்து ஒன்பது பேர். சமைப்போர் அனைவரும் வேலை முடிந்ததும் வேறு தெருக்களிலுள்ள தம் வீடுகளுக்குப் போய்விடுகின்றனர்.

கொடுத்த ஆணையை மாற்றுவது நம் குல வழக்கமன்று. ஆகவே தாங்கள் பூசத்தன்று வடக்கு வாயில் வழியே நேரே நம் அரண்மனை முற்றத்துக்கு வருக. தூண்கள் சங்கிலியைத் தாங்கும் என்று தச்சர் உறுதி கூறினர். மண்டபத்துச் சித்திரங்களில் தும்பிக்கை படாமல் பார்த்துக்கொள்க. நக்கண்ணனார் பதவியில் தொடர்க; கோட்டைமேல் ஏறும் ஏணியை மட்டும் அகற்றச் சொன்னோம்.

நாம் ஒன்பது பேரும் சாயத்தெருவின் மூன்றாம் வரிசையில் குடியேறுகிறோம். நமக்கெனத் தனி அடுப்பு வேண்டினோம். கரி விழும் என்று பொன்னாத்தி மறுத்துவிட்டாள்.

துறைமீன் இலச்சினை இட்டோம். களிறு நிற்கும் காலமெல்லாம் இவ்வாணை நிற்பதாகுக.