ஊர் கழற்றும்போது நீ கட்டிய ஸ்டார்

அன்பான ஜெனியம்மா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். நீ இருக்கிற இடத்தில் நலத்துக்குக் குறைவில்லை என்று ஃபாதர் சொல்கிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இருபத்து மூன்று வருஷமாகப் பக்கத்திலேயே இருந்தாய், அப்போதே கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டேன்.

கிறிஸ்துமஸ் போய், ஜனவரி முதல் வாரம் மூன்று ராஜாக்கள் திருநாளும் முடிந்ததும் நம் தெருவில் ஸ்டார் கட்டின வீடுகளில் எல்லாம் இறக்கிவிடுவார்கள். நாமும் மொட்டைமாடியில் இருந்து சிவப்பு ஸ்டாரை இறக்குவோம். போர்ட்டிகோவில் படிக்குப் பக்கத்தில் வைத்த குடிலைப் பிரிப்போம், சீரியல் செட்டைச் சுருட்டுவோம். மறுநாள் நீ ஆரம்பிப்பாய். கிரில் கேட்டில் ஒரு வெள்ளை ஸ்டார், உள்ளே ஒரு பல்பு. குடிலுக்குப் புல்லாக முளைக்க விட்ட கேழ்வரகுத் தட்டுகள் படியின் இரண்டு பக்கமும். போர்ட்டிகோ இரும்பு பெஞ்சின் மேல் பழைய கம்பளி.

ஊரே கழற்றும்போது நீ கட்டுவாய். பந்தி முடிந்த பிறகு இலை போடுகிறாயே என்று கிண்டல் செய்வேன். நீ நூலைப் பல்லில் கடித்தபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாய். வாயில் நூல் இருப்பதால்தான் பதில் வரவில்லை என்று நினைத்துக்கொள்வேன். பதில் இருந்ததா? எதற்காகக் கட்டினாய்?

இந்தக் கேள்வி இப்போது ஏன் வந்தது என்று சொல்கிறேன். நீ போய் வருஷம் திரும்பவில்லை. அதனால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் இல்லை, குடில் இல்லை. கூரத்தில் இருந்து பெரியக்கா வந்து சட்டம் போட்டுவிட்டுப் போனாள். துக்க வீட்டில் ஸ்டார் கட்டினால் ஊர் என்ன பேசும் என்றாள். சரி என்றேன். அக்கா பேச்சைக் கேட்காமல் நான் செய்த காரியம் உன்னைக் கட்டிக்கொண்டது ஒன்றுதான்.

டிசம்பர் எப்படியோ போய்விட்டது. ஜனவரிதான் போகவில்லை. நம் பெண் ஜெனி இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள், விடிகிற நேரத்தில் பஸ். ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாளில் இருந்து அவள் பின்பக்கக் கதவு வழியாகப் போக ஆரம்பித்தாள். பாத்ரூம் சுவரை ஒட்டி, துணிக்கொடிக்குக் குனிந்து, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறாள். முன்வாசலில் நாய் ஏதாவது படுத்திருக்கிறதோ என்று நான் இரண்டு நாள் தேடினேன். என் மூளை அவ்வளவுதான் ஓடும். மூன்றாம் நாள் அவளையே கேட்டேன்.

"முன்னாடி மொட்டையா இருக்குதுப்பா. என்னால அந்தப் பக்கம் வர முடியல."

அவளோடு பஸ் ஏறுகிற இரண்டு பெண்கள் நம் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார்களே, அவர்களும் இப்போது டீக்கடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அன்றைக்குத்தான் யோசித்தேன். உன் வெள்ளை ஸ்டார் பண்டிகையைச் சேர்ந்தது என்றால் அக்காவின் சட்டம் அதற்கும் பொருந்தும். பண்டிகையைச் சேராதது என்றால் நான் தாராளமாகக் கட்டலாம், என் பெண்ணும் முன்வாசல் வழியாகப் போவாள். ஆக, நீ எதற்குக் கட்டினாய் என்று தெரிய வேண்டும். போலீஸ்காரன் மாதிரி விசாரிக்கக் கிளம்பினேன்.

ஃபாதர், பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுதிரித் திருநாள் வரை சில ஊர்களில் அலங்காரத்தை வைத்திருப்பார்கள் என்றார். ஆனால் உன் கணக்கு அதையும் தாண்டிப் போகுமே? ஜெனியைக் கேட்டால், சின்ன வயதில் சிவப்பு ஸ்டாரை இறக்கும்போது அழுதாளாம், அவளுக்காகத்தான் கட்டினாயாம். அவள் பிறப்பதற்கு முன்பே நீ கட்டினதைப் பார்த்தவன் நான். அதை அவளிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டுத் தறிக்காரம்மா கோமதியிடம் போனேன். அவர்கள் வீட்டிலும் இது பல வருஷப் பேச்சாம்.

"எங்க ஊட்டுக்காரரு ஏதோ வேண்டுதல்னுவாரு. நான் கொசுவுக்குன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

கொசுவுக்கு இல்லைதானே?

சரி, பொருளையே பார்ப்போம் என்று பரணில் இருந்து பெட்டியை இறக்கினேன். இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் உனக்கு உடம்பு முடியாதபோது அந்த ஸ்டாரை மடித்து வைத்தது நான். புடவைக் கடையில் எனக்கு வேலையே மடிப்பதுதான், உனக்குத் தெரியும். பட்டுப் புடவை ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில் ஜரிகை ஒடிந்துவிடும். அதனால் அவ்வப்போது பிரித்து, பழைய மடிப்பை விட்டு, வேறு இடத்தில் மடித்து வைப்போம். அதே மரியாதையை நான் காகித ஸ்டாருக்கும் செய்திருக்கிறேன். விரித்தேன். பழைய மடிப்பும் புது மடிப்பும் அடித்துக்கொண்டதில் ஐந்து முனையில் இரண்டு கிழிந்திருந்தது. மீதி மூன்றும் எந்தப் பக்கம் விரிவது என்று தெரியாமல் முழித்தது.

ஜெனி வந்து பார்த்தாள். "இதையும் பொடவைன்னு நெனச்சியாப்பா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். ஸ்டார் இன்னும் இரண்டு முனை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. புடவைக்கு நடுவில் வைக்கிற மெல்லிய வெள்ளைக் காகிதத்தைக் கடையில் கேட்டு வாங்கி வந்தேன். அவள் மைதா பசை காய்ச்சி ஒட்டினாள். ஒட்டி, பீரோ மேல் வைத்துவிட்டாள். அத்தை சொல்லாமல் கட்ட வேண்டாம், அப்புறம் அப்பாவைத்தான் பேசுவார்கள் என்றாள்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், டாக்டரிடம் கண்ணைக் காட்ட அக்கா வந்தாள். மறுநாள் சர்ச்சில் விடிகாலைப் பூசைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பாலாற்றுப் பக்கத்துப் பனி தெருவை மூடியிருந்தது. போர்ட்டிகோ ட்யூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. பனியில் அது தன்னை மட்டும் காட்டியது. அக்கா ஒரு படி இறங்கினாள், இரண்டாவது படி இறங்கினாள், மூன்றாவதில் கால் மடங்கிக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாள். பிடித்து ஏற்றிப் பெஞ்சில் உட்காரவைத்தேன். பெஞ்சு சில்லிட்டதில் மறுபடி எழுந்துவிட்டாள்.

அந்த மூன்றாவது படி உனக்குத் தெரியுமே. வீடு கட்டும்போது நான் கொத்தனாருக்கே பாடம் எடுத்து, கடைசிப் படியை மட்டும் அரைச்சாண் பள்ளத்தில் இறக்கிவைத்தது.

"இன்னாடா படி இது?"

"நான் சொல்லிக் கட்டினதுக்கா."

"அது தெரியுது. இத்தினி வருசமா இந்தப் பனியில வந்துக்கினு போயிக்கினு இருக்கறேன். ஒரு நாளும் தடுக்கலியே."

இரண்டு பேரும் கிரில் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெறும் கம்பிதான் இருந்தது. டிசம்பரில் அந்த இடத்தில் குடிலின் வெளிச்சம். குடில் போனதும் உன் ஸ்டார். அக்கா குனிந்து கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் தேய்த்தாள். விரல் அவ்வளவு வலித்திருக்காது.

"கட்டுடா அந்த ஸ்டார. பண்டிகைக்கு இல்ல. காலுக்கு."

ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரைக் கொக்கியில், தெருமுனை வரை தெரிகிற மாதிரி உயரத்தில் கட்டினேன். சத்தம் கேட்டு ஜெனி வந்தாள். முன்கதவைத் திறந்துகொண்டு, ஷூவைக் கையில் பிடித்தபடி வந்தாள். நான் எதுவும் கவனிக்காதவன் மாதிரி முடிச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"எறக்கிக் கட்டுப்பா. அம்மா ஸ்டூலெல்லாம் போட மாட்டாங்க. கை எட்டற எடத்துலதான் கட்டுவாங்க."

இறக்கினேன். கிரில்லில் உன் தோளுக்குக் கொஞ்சம் மேலே, நூல் உரசி உரசி பெயின்ட் போன இடம் ஒன்று இருந்தது. அங்கேயே கட்டினேன். வெளிச்சம் மூன்றாவது படியில் போய் விழுந்தது. அக்கா உள்ளே போய்க் கம்பளியைக் கொண்டுவந்து பெஞ்சில் விரித்தாள். ஜெனி அதில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டு, படி இறங்கிப் போனாள். தடுக்கவில்லை. அடுத்த நாள் அந்த இரண்டு பெண்களும் பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள்.

இப்போது என் சந்தேகம் இரண்டாகிவிட்டது. என் கோணல் படிக்காகத்தான் அங்கே கட்டினாயா? அப்படியென்றால் இருபத்து மூன்று வருஷம் அதை ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் எப்படி இருந்தாய்? என் சட்டைப் பொத்தானுக்கே அவ்வளவு பேசுகிறவள் ஆச்சே. இல்லை, உன் கை எட்டினது அவ்வளவுதான், படியில் வெளிச்சம் விழுந்தது தானாக நடந்ததா? கேழ்வரகுத் தட்டு எதற்கு என்பதும் இன்னும் தெரியவில்லை. நானும் விதைத்திருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் முளைத்து, என் தலை மாதிரி இருக்கிறது.

படியை உடைத்துக் கட்டச் சொல்கிறாள் அக்கா. மாட்டேன். படி நேராகிவிட்டால் உன் ஸ்டாருக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள், ஒவ்வொரு வருஷமும், ஸ்டூல் போடாமல் அந்தப் பெயின்ட் போன இடத்திலேயே கட்டுவேன். பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் பனிக்குத் தலையில் ஸ்கார்ஃப் கட்டுவதை விட்ட அன்றைக்குக் கழற்றுவேன். கழற்றி, உன் பழைய மடிப்பிலேயே மடித்து வைப்பேன்.

இப்படிக்கு,
வாயில் நூல் இல்லாமலே கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்ட,
உன் ஜெனியோட அப்பா